முகத்துவாரத்தில் பிளாஸ்டிக்: மேல் நீரும் அடி நீரும்

மழைக் காலத்தில் ஆற்றில் புதுவெள்ளம் வரும்பொழுது கரையோர ஊர்களில் ஒரு காட்சியைக் காணலாம். மாதக்கணக்கில் கரையில் குவிந்து கிடந்த குப்பை ஒரே இரவில் மறைந்துவிடுகிறது. மறுநாள் காலையில் கரை கழுவிவிட்டாற்போல் இருப்பதைக் கண்டு, ‘வெள்ளம் வந்தது, குப்பை போயிற்று’ என்று ஊரார் மன நிம்மதி அடைகின்றனர். எங்கே போயிற்று என்று கேட்போர் சிலரே. கேட்டாலும், ‘கடலுக்குப் போயிற்று’ என்ற விடையே கிடைக்கிறது.

இவ்விடை முழுவதும் சரியன்று. வாழை மட்டையும் வைக்கோலும் போனால் அவை மட்கி மண்ணாகும். பிளாஸ்டிக் அவ்வாறு மட்குவதில்லை. அது உடைந்து உடைந்து சிறிதாகிறது. அச்சிறு துணுக்குகள் யாவும் நேரே கடலுக்குச் சென்றுவிடுவதுமில்லை. ஆறும் கடலும் கூடும் முகத்துவாரத்தில் அவற்றுள் சில மேலே மிதக்கின்றன; சில நடு நீரில் தங்குகின்றன; சில அடிச் சேற்றில் படிகின்றன. எந்தத் துணுக்கு எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே, அது கடலுக்குப் போகுமா, கரைக்குத் திரும்புமா என்பது முடிவாகிறது. விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய விஷயம் என்று இதனை நாம் ஒதுக்கிவிட முடியாது. மேட்டு நிலத்து விவசாயிக்கும், முகத்துவாரத்து மீனவருக்கும், இடையிலுள்ள ஊராட்சி ஒவ்வொன்றுக்கும் இதில் பங்கு உண்டு.

நுண் பிளாஸ்டிக் என்பது யாது?

5 மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவுள்ள பிளாஸ்டிக் துணுக்குகளை நுண் பிளாஸ்டிக் என்பர். ஒரு நெல்மணியைவிடச் சிறியவை என்று கொள்ளலாம். கண்ணுக்கே புலப்படாதவையும் இவற்றுள் உண்டு. இங்கிலாந்திலுள்ள பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்ப்சன் என்னும் கடலியல் அறிஞர் 2004-ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே இப்பெயர் பரவலாக வழங்கலாயிற்று.

இவை இரு வகையில் உண்டாகின்றன. முதலாவது, தொழிற்சாலைகளுக்குக் கச்சாப் பொருளாகச் சிறு மணிகளாகவே செய்யப்படுவது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளக் கடலில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியபொழுது, அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரி மாவட்டக் கரைகளிலும் வந்து ஒதுங்கின. இரண்டாவது, நாம் எறியும் பையும், கயிறும், வலையும், சாக்கும் வெயிலில் நைந்து உடைவதால் உண்டாவது. செயற்கை நூலாடைகளைத் துவைக்கும்பொழுது உதிரும் நுண்ணிழைகளும் இதில் அடங்கும். நம் ஆறுகளில் சேர்பவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையே. சென்னைப் பக்கத்தில் அடையாறு, கொசஸ்தலையாறு, முட்டுக்காடு ஆகிய இடங்களின் நீரை ஆராய்ந்தபொழுது அங்கெல்லாம் நுண் பிளாஸ்டிக் காணப்பட்டது.

வெள்ளாறும் அதன் முகத்துவாரமும்

எடுத்துக்காட்டாக வெள்ளாற்றைக் கொள்வோம். புதுக்கோட்டைப் பக்கத்து வெள்ளாறு வேறு. நாம் கூறுவது சேலம் மாவட்டத்து மலைகளில் பிறந்து பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கும் வெள்ளாறு. ஆத்தூர் வழியாக வரும் வசிஷ்ட நதியும், சுவேத நதியும் கூடி இவ்வாறு உருப்பெறுகிறது. விருத்தாசலம் வழியாக வரும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் இதனோடு சேர்கிறது. தொழுதூர், பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு ஆகிய அணைக்கட்டுகள் இதன் நீரை வயல்களுக்குத் திருப்புகின்றன. பின்னர் புவனகிரியைக் கடந்து பரங்கிப்பேட்டையை அடைகிறது. மலையடிவாரத்துத் தோட்டம் முதல் கடலோரக் குப்பம் வரை எத்தனையோ ஊர்களின் வடிகால் நீர் இவ்வோர் ஆற்றில் வந்து விழுகிறது.

முகத்துவாரத்தில் இவ்வாறு ஆழம் குறைந்தது. இதன் தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. உப்பங்கழிகளால் வெள்ளாறும் கொள்ளிடமும் அங்கே இணைகின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையம் பரங்கிப்பேட்டையில் இம்முகத்துவாரத்தின் கரையிலேயே அமைந்துள்ளது. ஆதலால், நம் நாட்டில் நன்கு ஆராயப்பட்ட முகத்துவாரங்களில் இதுவும் ஒன்றாகும்.

ஓர் ஆற்றில் இரு நீர்

முகத்துவாரத்தில் நன்னீரும் உப்பு நீரும் சந்திக்கின்றன. கடல் நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. எனவே ஒரு லிட்டர் கடல் நீர் ஏறத்தாழ 1,025 கிராம் எடை உடையது. ஆற்று நீரோ ஏறத்தாழ 1,000 கிராம். வேறுபாடு சிறிதாயினும் அதன் விளைவு பெரிது. இலேசான ஆற்று நீர் மேலாகக் கடலை நோக்கி ஓட, கனமான கடல் நீர் ஆப்பு அடித்தாற்போல் அடியில் உள்ளே நுழைகிறது. மேலே ஒரு திசை, கீழே ஒரு திசை என ஒரே ஆற்றில் இரு ஓட்டம் அமைவது இவ்வாறுதான்.

இந்நிலை எப்பொழுதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வடகிழக்குப் பருவ மழை வலுத்து வெள்ளம் பெருகும்பொழுது நன்னீர் கடலை வெளியே தள்ளிவிடும். வெள்ளம் தணிந்து நடுத்தரமாக நீர் ஓடும் நாட்களில் மேல் நீர், அடி நீர் என்ற பிரிவு தெளிவாகத் தோன்றும். கோடையில் ஆற்று வரத்து குன்றி, கடல் நீரே உள்ளே ஏறி நிற்கும். அப்பொழுது மேலும் கீழும் உப்பு அநேகமாக ஒன்றாகிவிடும். இவற்றோடு நாள்தோறும் இருமுறை ஏற்றமும் இருமுறை வற்றமும் உண்டு. கழியில் மீன் பிடிப்போர் இவ்வோட்டங்களை யெல்லாம் அனுபவத்தால் அறிவர்.

எது மிதக்கும், எது மூழ்கும்?

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளன்று. பலவகை உண்டு; ஒவ்வொன்றின் கனமும் வேறு. கடைப் பையும் பால் பையும் பாலித்தீனால் ஆனவை. உரச் சாக்கும், தண்ணீர்ப் பாட்டிலின் மூடிகளில் பலவும் பாலிபுரோப்பிலீன் என்னும் வகையால் ஆனவை. இவ்விரண்டும் நீரைவிட இலேசானவை, மிதக்கும். நைலான் வலை நூல் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.14 கிராம் எடை உடையது; கடல் நீரிலும் மூழ்கும். தண்ணீர்ப் பாட்டிலும் செயற்கை நூலாடையும் பாலியெஸ்டர் என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அதன் கனம் சுமார் 1.38. பி.வி.சி. குழாய்த் துண்டும் மூழ்குவதே.

விதை நெல் தேர்வு செய்யும் விவசாயிகளுக்கு இது புதிய பாடம் அன்று. முட்டை மிதக்குமளவுக்கு நீரில் உப்பைக் கரைத்து, அதில் விதையைக் கொட்டினால் பதர் மிதக்கிறது. முற்றிய மணி அடியில் தங்குகிறது. நீரின் கனத்தைக் கூட்டிப் பொருள்களைப் பிரித்தெடுக்கும் முறை அது. முகத்துவாரத்துச் சேற்றிலிருந்து நுண் பிளாஸ்டிக்கைப் பிரிக்க ஆய்வாளர்கள் கையாளும் முறையும் அதுவே. சேற்றைக் கெட்டியான உப்புக் கரைசலில் கலக்கி வைத்தால் மண் அடியில் தங்கும். பிளாஸ்டிக் வகைகள் பல மேலே வரும். பாலியெஸ்டர் போன்ற கனமானவற்றுக்கு உப்பைவிடக் கனமான கரைசல்களைப் பயன்படுத்துகின்றனர்.

மிதப்பது மூழ்குவது ஏன்?

இலேசான வகை மேலேயும், கனமான வகை கீழேயும் நின்றுவிட்டால் கணக்கு எளிதாக முடிந்துவிடும். உண்மையில் அவ்வாறு நடப்பதில்லை. காரணங்கள் மூன்று.

முதலாவது, பாசி பிடித்தல். நீரில் கிடக்கும் துணுக்கின் மேல் சில நாட்களிலேயே வழுவழுப்பான படலம் உண்டாகிறது. அதன்மேல் பாசியும் நுண்ணுயிர்களும் சிறு சிப்பிகளும் ஒட்டுகின்றன. மிதந்த துணுக்கு கனத்துச் சிறிது சிறிதாகத் தாழ்கிறது. நன்னீரில் தாழ்ந்துவரும் துணுக்கு, அடியிலுள்ள கனமான உப்பு நீரைத் தொட்டதும் அதற்குமேல் இறங்க இயலாமல் இரு நீரின் எல்லையில் தங்குவதும் உண்டு. நடு ஆழத்தில் பிளாஸ்டிக் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, வண்டலோடு சேர்ந்து படிதல். கலங்கிய ஆற்று நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலந்தால், மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகிப் படிந்து நீர் தெளிவதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். முகத்துவாரத்தில் அவ்வேலையைக் கடலின் உப்பு செய்கிறது. உப்பு நீர் பட்டதும் ஆற்றின் களிமண் துகள்கள் திரண்டு படிகின்றன. அத்திரள்களில் நுண் பிளாஸ்டிக்கும் சிக்கி அடியை அடைகிறது.

மூன்றாவது, துணுக்கின் வடிவம். மணல் உடனே படியும். களிமண் நெடுநேரம் கலங்கி நிற்கும். அதுபோலவே, பாலியெஸ்டர் நுண்ணிழை நீரைவிடக் கனமானதாயினும் மிக மெல்லியதாகையால் மெதுவாகவே இறங்குகிறது. ஓட்டமுள்ள நீரில் அது இறங்காமலே நெடுந்தூரம் செல்லக்கூடும். ஏற்றமும் வற்றமும் அடியைக் கலக்கும்பொழுது, படிந்ததும் மீண்டும் எழுகிறது.

இதனாலேயே மேல் நீரை மட்டும் பார்த்து ஒரு முகத்துவாரம் தூய்மையானது என்று கூற முடியாது. மேல் நீரை ஆராயப் பயன்படும் வலையின் கண் வழக்கமாக ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ளது. அதனினும் சிறியவை அதில் தப்பிவிடும். நடு நீரையும் அடி நீரையும் அறிய, வேண்டிய ஆழத்தில் தானே மூடிக்கொள்ளும் குப்பியை இறக்கியோ, குழாய் வழியே இறைத்து வடிகட்டியோ எடுக்க வேண்டும். சேற்றைத் தனியே அள்ள வேண்டும். வலையில் கிடைத்த எண்ணிக்கையையும் குப்பியில் கிடைத்த எண்ணிக்கையையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இந்த ஆறு நல்லது, அந்த ஆறு கெட்டது என்று தீர்ப்புச் செய்வதும் சரியாகாது.

அடி நீர் திரும்பும் திசை

ஆற்றில் விட்டது கடலுக்குப் போய்விடும் என்ற நம்பிக்கை எங்கே தவறுகிறது என்பது இப்பொழுது விளங்கும். மேல் நீரில் மிதப்பது கடலை நோக்கிச் செல்லும். ஆனால் அடி நீருக்குத் தாழ்ந்த துணுக்கு, உள்நோக்கி வரும் கடல் நீரோடு சேர்ந்து ஆற்றுக்குள்ளேயே திரும்புகிறது. மேல் ஓட்டம் வெளியே கொண்டு போனதை அடி ஓட்டம் உள்ளே கொண்டு வருகிறது. இவ்வாறு சுற்றிச் சுற்றி, முகத்துவாரத்தின் சேற்றிலும், அலையாத்தி மரங்களின் வேர்களிடையிலும் அது சேர்கிறது.

பெருவெள்ளம் வந்தால் இச்சேமிப்பு கலைந்து வெளியேறும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரைச் சுற்றியுள்ள ஆறுகளின் படுகையை ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, 2015–16 குளிர்கால வெள்ளம் படுகையிலிருந்த நுண் பிளாஸ்டிக்கில் சுமார் 70 சதவீதத்தை அடித்துச் சென்றதாகக் கண்டது. ஆறு தூய்மையாயிற்று என்று இதனைக் கொள்வதற்கில்லை. அத்தனையும் ஒரே பருவத்தில் கீழேயுள்ளவர் பக்கம் போய்ச் சேர்ந்தது என்றே கொள்ள வேண்டும்.

அடியில் வாழும் உயிர்கள்

முகத்துவாரம் மீன் இனத்தின் நாற்றங்கால். கடலில் பொரித்த வெள்ளை இறாலின் குஞ்சுகள் கழிக்குள் வந்து வளர்ந்து பின்னர் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை மீன் அடிச் சேற்றை மேய்கிறது. சேற்று நண்டு அதிலேயே வளை தோண்டி வாழ்கிறது. மட்டியும் ஆளியும் ஓரிடத்திலிருந்தவாறே நீரை இழுத்து வடிகட்டி இரை தேடுகின்றன. நாம் கண்ணால் காணாத அடி நீரும் சேறுமே இவற்றின் விளைநிலம். மட்டி எடுத்தும், இறால் தடவிப் பிடித்தும் ஜீவனம் செய்யும் குடும்பங்களுக்கு வயலும் அதுவே.

இவ்வுயிர்களின் குடலில் நுண் பிளாஸ்டிக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகுதியாக உட்கொண்ட உயிர்கள் இரை எடுப்பதிலும் வளர்வதிலும் குன்றுவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. இதனால் மீன் உண்பதை யாரும் விட வேண்டியதில்லை. மீனின் குடலை நீக்கியே சமைக்கிறோம். ஆனால் மட்டியையும் ஆளியையும் முழுவதுமாக உண்கிறோம் என்பதை நினைவில் கொள்ளுதல் நன்று. மனிதர் உடல்நலத்துக்கு நேரும் தீங்கின் அளவை முடிவு செய்ய இன்னும் ஆராய்ச்சி வேண்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் குடிநீரைப் பற்றிய தன் அறிக்கையில் கூறியது. முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருத்தல் முறையாகாது. ஏனெனில், அடியில் சேர்ந்ததைப் பின்னர் எடுக்க வழியில்லை.

வழி எங்கே இருக்கிறது?

ஒரு முழுப் பை வாய்க்காலில் கிடந்தால் ஒருவர் குனிந்து எடுத்துவிடலாம். அதே பை ஆயிரம் துணுக்காகி மூன்று ஆழங்களில் சிதறிய பின், எந்த இயந்திரமும் அதனை அரித்தெடுக்க இயலாது. அரித்தால் மீன் குஞ்சும் அதோடு போகும். ஆகவே பிளாஸ்டிக் முழுதாக இருக்கும்பொழுதே, மிதக்கும்பொழுதே, ஊருக்குள் இருக்கும்பொழுதே தடுப்பதுதான் வழி. இவ்வேலை முகத்துவாரத்தில் தொடங்குவதன்று. மேட்டு நிலத்து ஊர்களில் தொடங்குவது.

விவசாயிகள் செய்யக்கூடியவை சில உண்டு. தர்பூசணி, மிளகாய், தக்காளிப் பயிர்களுக்கு விரிக்கும் பிளாஸ்டிக் நிலப்போர்வையை, அறுவடை முடிந்த உடனே, வெயிலில் நைந்து போகுமுன் சுருட்டி எடுத்துவிட வேண்டும். அதன்மேல் ரோட்டவேட்டரை ஓட்டினால் அது பல்லாயிரம் துண்டாகி மண்ணோடு கலந்துவிடும். அடுத்த மழையில் வாய்க்காலுக்கு வரும். மிக மெல்லிய விரிப்பு மலிவாகக் கிடைத்தாலும் கிழியாமல் எடுக்க வராது; சற்றுக் கனமானதை வாங்குவதே இறுதியில் ஆதாயம். நாற்றுப் பைகள், பழைய சொட்டுநீர்க் குழாய்கள், நைந்த உரச் சாக்குகள், மருந்துப் புட்டிகள் ஆகியவற்றை வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் விடலாகாது. கடலோர ஊர்களில் கிழிந்த வலைத் துண்டுகளை நீரில் எறிவதும் அவ்வாறே தவிர்க்கத்தக்கது. நைலான் நேரே அடிக்குப் போவது என்பதை மேலே கண்டோம்.

ஊராட்சிகளின் பொறுப்பு சட்டத்திலேயே கூறப்பட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், அதுவரை நகரங்களுக்கே இருந்த கடமையைக் கிராமங்களுக்கும் விரித்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், ஒன்றியத்துக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு அமைக்க 16 லட்சம் ரூபாய் வரை நிதிக்கு வகை செய்யப்பட்டது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட முறைப்படி, உலர்ந்த பைகளைத் துண்டாக்கித் தார்ச் சாலை போடுவதற்குப் பயன்படுத்தலாம் என்பதும் அறிந்ததே. ஆனால் இவை யாவும் பிரித்துச் சேர்த்த பிளாஸ்டிக்குக்கே பொருந்தும். சேற்றோடு கலந்த பை சாலைக்கும் ஆகாது.

ஆதலால், மழைக்கு முன்னதாகப் புரட்டாசிக்குள் மூன்று வேலைகளை முடித்துவிடுதல் நலம். ஆற்றங்கரையிலும் ஏரிக் கரையிலும் உள்ள குப்பை மேடுகளை அகற்றி, மேட்டில் வெள்ளம் தொடாத இடத்துக்கு மாற்றுதல் முதலாவது. ஊர் வடிகால் ஆற்றில் சேரும் வாயில் கம்பி வலைத் தடுப்பு அமைத்து, ஒவ்வொரு மழைக்கும் பின் தவறாது அதனைச் சுத்தம் செய்தல் இரண்டாவது. வீட்டிலேயே மட்கும் குப்பையையும் மட்காத குப்பையையும் பிரித்துத் தூய்மைக் காவலரிடம் கொடுக்கும் வழக்கத்தை நிலைநிறுத்துதல் மூன்றாவது. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது தீர்வாகாது. நச்சுப் புகையே மிஞ்சும்.

ஊர் மக்களுக்கு இதனை விளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. மார்ச் 22-ஆம் நாள் உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் இதனைச் செய்து காட்டலாம். இரு கண்ணாடிப் பாத்திரங்களில் ஒரு லிட்டர் நீர் ஊற்றி, ஒன்றில் 350 கிராம் உப்பைக் கரைக்க வேண்டும். பால் பைத் துண்டு, நைலான் வலை நூல், தண்ணீர்ப் பாட்டில் துண்டு ஆகியவற்றைச் சிறிதாக நறுக்கி, காற்றுக் குமிழி ஒட்டாதவாறு சோப்பு நீரில் நனைத்து இரண்டிலும் இட வேண்டும். பால் பை இரண்டிலும் மிதக்கும். பாட்டில் துண்டு இரண்டிலும் மூழ்கும். வலை நூலோ நல்ல நீரில் மூழ்கும். உப்புக் கரைசலில் மிதக்கும். நாம் எறிந்தவை எங்கெங்கே தங்குகின்றன என்பதைப் பள்ளிச் சிறுவரும் கண்டுகொள்வர்.

பாசனத்தில் மேல் மடைக்காரர் தம் விருப்பம்போல் நீரைத் தேக்கினால் கடை மடைக்காரர் வயல் காயும் என்பதை நாம் அறிவோம்; அதனாலேயே முறைப் பாசனம் வகுத்தோம். முகத்துவாரம் ஓர் ஆற்றின் கடை மடை. அங்கே மட்டி பொறுக்குபவரும் ஆற்றின் பங்காளியே. ஆத்தூரிலும் விருத்தாசலத்திலும் புவனகிரியிலும் வாய்க்காலில் விழும் ஒவ்வொரு பையும் அவருடைய விளைநிலத்தில் போய்ச் சேரக்கூடியது. நீரைப் பங்கிட்டுக்கொள்ள அறிந்த நாம், அழுக்கைத் தடுப்பதிலும் அதே முறையைக் கைக்கொள்ள வேண்டும். அடுத்த வெள்ளம் வருமுன் நம் ஊர் வாய்க்காலின் வாயை ஒருமுறை சென்று பார்ப்போமாக.